மாமி வீட்டில் பாடிய ஆங்கிலப் பாட்டு

வேப்பெண்ணெயின் கசப்பு மணத்தோடுதான் அந்த ஆங்கிலப் பாட்டு எனக்குள் இன்னமும் இருக்கிறது. மண்கும்பானில், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்த மாமிக்கு என் அக்கா வதனி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கதிரையில் ரேப் றெக்கோடர் பாடிக்கொண்டிருக்கும். கிற்றாரும், நாலைந்து ஆண்கள் ஒரே குரலாய்ச் சேர்ந்து இழுக்கும் பல்லவியும், நெடுந்தீவுக் குதிரை ஆறுதலாக நடப்பதுபோல ஒரு தாளமும்.

மாமி என்றால் அக்காவுக்கு மாமியாராக வரவிருந்தவர். கனடாவில் இருந்த அவருடைய மகன் குகனுக்கு அக்காவைப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். "விசா சரிவரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்த குகன், சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் திருகோணமலையிலிருந்து கப்பலில் வந்த ஒருவரிடம் அவளுக்கென்று அனுப்பியது அந்தப் பாட்டு இருந்த கசற் ஒன்றைத்தான். ஆங்கிலம் தெரியாத அக்கா அதைக் காதல் பாட்டென்று தானே தீர்மானித்து, முழுவதையும் ஓசையாகவே பாடமாக்கி வைத்திருந்தாள். விடிந்ததும் சரவணையிலிருந்து சைக்கிளில் போய், மாமியைக் குளிப்பாட்டி, சமைத்து, மலசலம் துடைத்து, பொழுதுபடத்தான் திரும்புவாள். வருடக்கணக்காக இப்படித்தான் போனது. "பெத்த பிள்ளையும் இப்பிடிப் பாராது" என்று மாமி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வார்.

சமாதான காலத்தில் பாதை திறந்ததும் குகன் வந்தார். வாகனத்திலிருந்து அவருக்கு முன்னே ஒரு பெண் இறங்கினாள். பின்னால் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பையன், குகனின் முகத்தோடு. அக்கா குசினி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"பிள்ளை, அவையளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போடும்" என்றார் மாமி.

"உங்களுக்கு முதலே தெரியுமோ மாமி?"

"ஓம். சொல்லியிருந்தால் நீர் வந்திருப்பீரோ?"

அக்கா தேத்தண்ணி போட்டாள். கோப்பையை நீட்டும்போது குகனிடம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்தப் பாட்டு என்ன சொல்லுது?"

எந்தப் பாட்டென்றே அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு சிரித்தார். "அதோ? ஒருத்தி புருசனுக்குப் பொய் சொல்லிப்போட்டு வேறை ஒருத்தனிட்டைப் போறாள்."

"பிறகேன் எனக்கு அனுப்பினனீங்கள்?"

"கையிலை கிடந்தது. மியூசிக் நல்லம்தானே?"

அவருடைய மனைவி அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்கு நிக்கிற பிள்ளையோ மாமி?" என்று கேட்டாள். அப்படியில்லையென்று ஒருவரும் சொல்லவில்லை.

வந்தவர்கள் கொஞ்ச நாளில் திரும்பிப் போனார்கள், தாயைக் கூட்டிப்போகவில்லை. அக்காவும் அந்தப் படலையைப் பிறகு திறக்கவில்லை. ஆனால் எங்கே போவதானாலும் சுற்றியாவது மாமி வீட்டு வேலியோர ஒழுங்கையால்தான் போவாள். "வதனி, பிள்ளை வதனி" என்று மாமி உள்ளேயிருந்து கூப்பிடுவது வேலிக்கு வெளியே தெளிவாகக் கேட்கும். அயலவர்கள் நேரத்துக்குச் சோறு கொடுத்தார்கள், புரட்டிக் கிடத்துவாரில்லை. அடுத்த மாரியில் மாமி படுக்கைப் புண்ணோடு செத்துப்போனார்.

இன்று அந்த வீடு இல்லை. காணியை வாங்கியவர்கள் அத்திவாரத்தையும் கிண்டி எடுத்துவிட்டார்கள். வேலியும் போய் மதில் வந்துவிட்டது. அக்கா அனலைதீவில் தோட்டம் செய்யும் ஒரு கமக்காரரைக் கட்டி, பிள்ளை குட்டிகளோடு இருக்கிறாள். போன பொங்கலுக்கு அவளிடம் போயிருந்தபோது, "வேறை றோட்டு இருக்க, ஏனக்கா எந்த நாளும் அந்த ஒழுங்கையாலை போனனீங்கள்?" என்று கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த கையை அவள் நிறுத்தவில்லை.

"மனிசி கூப்பிடுறது கேக்கத்தான்" என்றாள்.