ஆய்வு நாளில் ஓடும் மில்

"கொண்டா இப்படி!" என்று வாளியைப் பிடுங்கி, மிளகாயைக் கையால் அளைந்து பார்த்து, "ஈரம் போகல, நாளைக்கு வா" என்று அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கிறாள் மில்லக்கா. காய்ந்த மிளகாயாக இருந்தால்தான் தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கைமிஷினின் பிடியைப் பிடிப்பாள். நெடி தாங்காமல் வந்தவர்கள் தெருக்கோடிக்கு ஓடுவார்கள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வராது.

பேச்சு என்றால் கத்தல்தான். பெரிய மோட்டாருக்குப் பக்கத்திலேயே பிழைப்பு நடத்திய தொண்டை அது. அந்த மில் போன சண்டையில் குண்டு விழுந்து எரிந்துபோன பிறகும் தொண்டை இறங்கவில்லை. "மெதுவா பேசு, பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சிக்கப் போவுது" என்பார் புருஷன். "முழிக்கட்டும். நான் ஒருத்தி மட்டும் முழிச்சிக் கிடக்கணுமா?" என்பாள்.

தூங்கவிடாமல் செய்வது தோள்வலி. நாளெல்லாம் பிடியைச் சுற்றிச் சுற்றி வலது தோள் வீங்கிப்போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை வாரிவிடுவது புருஷன்தான். வகிடு கோணிப்போனால், "ஒரு கோடு நேராப் போட வக்கில்ல" என்று திட்டிவிட்டு அந்தக் கோணல் வகிட்டோடு கடை திறப்பாள்.

கடை மூலையில் இன்னொரு மிஷின் நிற்கிறது. பச்சை நிறம், புத்தம் புதுசு, மின்சாரத்தில் ஓடுவது. சண்டையில் நொடித்தவர்களைத் தூக்கி நிறுத்த வந்த திட்டத்தார் கொடுத்தது. கொடுத்த மகராசர்களில் ஒருவராவது தெருவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். குண்டு விழுந்து சாய்ந்த மின்கம்பங்கள் இன்றுவரை சாய்ந்தே கிடக்கின்றன, கரண்ட் ஏது? வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளை மாதிரி நிற்கிற அந்த மிஷினின் வாய்க்குள், போன மழைக்காலத்தில் பூனை குட்டி போட்டது.

ஆனால் அதுவும் ஓடும், ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில். திட்ட ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் தம்பி, வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே வந்து பின்சந்தில் நிறுத்திவிடுவான். "அக்கா, ஓடலன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா." முதல் தடவை அவன் முகத்துக்காக ஓட்டினாள். அடுத்த தடவை தன் ஆசைக்காகவும் ஓட்டினாள்: நன்றாக ஓட்டிக் காட்டினால், மெச்சிக்கொண்டு கம்பத்தையும் நட்டுக் கொடுப்பார்கள் என்று நினைத்தாள். சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமுகிறது. வந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அது என்ன சத்தம் என்று கேட்கவில்லை. காது கேட்டால்தான் சங்கடமாயிற்றே!

இந்த முறை வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுக்கும்போது தம்பி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "இந்தத் தெரு மீண்டுடுச்சாம்க்கா. நல்லா ஓடுற தெருவுக்குக் கம்பம் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. இன்னிக்கு வர்றவங்க ஆமான்னுட்டா திட்டத்தையே மூடிடுவாங்க."

மில்லக்கா கத்தாமல் வயரை வாங்கி மிஷின் பக்கம் வைத்ததைப் பார்த்துப் புருஷனுக்கே பயம் வந்துவிட்டது.

ஆய்வுக்கு வந்த அம்மா நல்லவர்தான். தண்ணீர் கொடுத்ததும் வாங்கிக் குடித்தார், குடும்பத்தை விசாரித்தார். பிறகு கேள்விகளுக்கு வந்தார். "இன்னொரு சண்டை வந்தா உங்களால சமாளிக்க முடியுமா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க."

"ஏம்மா, இன்னொண்ணுக்கு ஏற்பாடு பண்றீங்களா?"

தெருவே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, "மார்க்கு?" என்றார். மில்லக்காவுக்கு வீடு போய், மில் போய், தோளும் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மார்க்காம்! செத்துப்போகாமல் இருந்தது இவள் செய்த குற்றம், அதற்குத் தண்டனையாகக் கரண்ட் கிடையாது.

"சரி, மிஷினை ஓட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா. மில்லக்கா சுவிட்சைத் தட்டினாள். பச்சை மிஷின் சீறிக்கொண்டு கிளம்பியது. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னபோது அவள் குனிந்து, ஜன்னல் வழியாக வந்த வயரிலிருந்து மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். மிஷின் முனகி நின்றது. சுவருக்குப் பின்னால் உறுமல் மட்டும் நிற்கவில்லை. வாசலில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னாச்சு, கரண்ட் போயிடுச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

மில்லக்கா பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மிளகாய்ப்பொடி ஒட்டிய தன் விரல்களால் அவர் விரல்களை அதன்மேல் மடக்கினாள். "கடை முழுக்கத் தேடிப் பாருங்கம்மா. சுவத்துல எங்கயாவது சொருக இடம் இருந்தா, நீங்களே சொருகிட்டு எனக்கு அஞ்சு மார்க் போடுங்க" என்றாள். கத்தவில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடக் கேட்டிருக்காது.