இழவு வீட்டுக் காபி

மயிலாத்தாளுக்குப் பிடிக்காத நாவல் கடைசியில் போய்ச் சேருகிற இடம் மேசைக் காலின் அடிதான். திருப்பூர் மண்ணரையில் அவள் நடத்துகிற செக்கிங் யூனிட்டில், பெண்கள் சுற்றி உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற மேசைகள் ஆடாமல் நிற்பது அப்படிப்பட்ட புத்தகங்களின் புண்ணியம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் நின்று யூனிட்டை நிமிர்த்தியவள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் காய் வாங்குகிறாளோ இல்லையோ, ஒரு கொலைக் கதை வாங்காமல் திரும்ப மாட்டாள். பாதியிலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டால் எழுதியவனுக்கு ஏச்சு விழும். ஏமாந்துபோனால்தான் மெச்சுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் மகுடேஸ்வரன் தன் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் அண்ணன் ஆத்தப்பனின் மகள் சுபஸ்ரீயைத் தன் மகன் நித்தீஷுக்குக் கேட்டு வந்தவர் அவர். ஜாதகம் சேர்ந்துவிட்டது. பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்தும் போய்விட்டது. அனுப்பர்பாளையத்தில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிற மனுஷன், கைக்காசு போட்டு அச்சடித்த துப்பறியும் நாவலை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம்.

மயிலாத்தாள் படித்தாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மழை கொட்டியது. திருப்பூரில் இப்படிப் பெய்தால் நொய்யல் ஆறே சுத்தமாகிவிடும் என்றாள். கொலை செய்தவன் யாரென்றால், அதுவரை கதையில் தலையே காட்டாத இரட்டைத் தம்பி. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்குகிறான். பிசிறோடு பெட்டி கட்டி அனுப்பினால் வாங்குகிறவன் திருப்பியனுப்ப மாட்டானா என்று யூனிட் முழுக்கக் கேட்டாள். அதெல்லாம்கூடப் போகட்டும். செத்துப்போன முதலாளியின் பெண்டாட்டி, பிணம் கூடத்தில் கிடக்கும்போதே, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குச் சுடச்சுடக் காபி போட்டு வருகிறாள். அவரும் ருசித்துக் குடிக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் மயிலாத்தாள் மடக்கி வைத்தாள்.

நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய், இந்தச் சம்பந்தத்தைக் கெடுத்துவிடாதே என்று ஆத்தப்பன் கெஞ்சினார். சுபஸ்ரீ கெஞ்சவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிக் காரில் ஏறும்போது அத்தையின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அந்தப் பெண்ணுக்காக வாயைக் கட்டிக்கொள்வதென்றுதான் மயிலாத்தாள் போனாள்.

அங்கே மகுடேஸ்வரன் உட்காரக்கூட விடவில்லை.

"அம்மிணி, புக்கு எப்படீங்க?"

"அட்டை நல்லா இருக்குதுங்க."

"உள்ளாற?"

"மழை நல்லாப் பேயுதுங்க."

அவர் அதையும் மெச்சுதலாகவே எடுத்துக்கொண்டு, மறைக்காமல் முழுசாகச் சொல்லச் சொன்னார். சுபஸ்ரீயின் முகத்தை ஒருமுறை பார்த்தாள் மயிலாத்தாள். அதற்கு மேல் அடங்கவில்லை.

"எழவு ஊட்டுல பொணம் எடுக்கறதுக்கு முன்னால அடுப்புப் பத்த வெப்பாங்களாங்க? தாலியறுத்தவ காபி ஆத்திக் குடுக்கறாளாம், போலீசுக்காரன் குடிக்கறானாம். பக்கத்து ஊட்டுல இருந்து கொண்டாந்தாங்கன்னு எழுதக்கூடத் தோணுலீங்களா? எழவு ஊட்டையே பாத்ததில்லையாட்ட இருக்குது."

ஆத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மகுடேஸ்வரனுக்கு முகம் சுண்டிவிட்டது. கதையென்றால் கற்பனைதானே, அதில் போய் அடுப்பு பார்க்கலாமா என்று இழுத்தார்.

இவர்கள் வந்ததிலிருந்து காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்த அவர் மனைவி கண்ணம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கற்பனை இல்லீங்க. என்ற மாமியா செத்தன்னைக்கு இவரு தலை வலிக்குதுன்னு கேட்டாரு. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

குழம்புக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போலச் சொன்னாள். சுபஸ்ரீ நித்தீஷின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் குடிச்சீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "குடிச்சேனுங்க. சக்கரை பத்துலைன்னும் சொன்னேன். அப்பப் பத்தாவது படிச்சிட்டிருந்தேன்."

"அந்தச் சக்கரையை எழுதியிருந்தா புஸ்தகம் தேறியிருக்குமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சுபஸ்ரீ மட்டும் விடாமல், "இப்பக் காபி போடத் தெரியுங்களா?" என்றாள்.

"தெரியுங்க. பாலுதான் பொங்கீருது."

முதலில் சிரித்தவள் கண்ணம்மாள்தான். சிரித்துக்கொண்டே தட்டைக் கீழே வைத்துவிட்டு, மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது சுற்றுக் காபியை நித்தீஷ் போட்டு வந்தான். ஏடு கட்டிப்போயிருந்தது. சுபஸ்ரீ அதை முழுக்கக் குடித்தாள். திரும்பும்போது காரில் அப்பாவிடம், குடிக்கவில்லை என்று பொய் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன், இவரையே பேசி முடியுங்கள் என்றாள்.

கல்யாணத்துக்கு மயிலாத்தாளும் தடை சொல்லவில்லை. மிச்சமிருந்த புத்தகங்களைத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாமா என்று மகுடேஸ்வரன் கேட்டனுப்பியபோது மட்டும் குறுக்கே நின்றாள். பையில் தேங்காயே இருக்கட்டும், வருகிறவர்கள் நமக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்றாள்.

அவளுக்குக் கொடுத்த பிரதி யூனிட்டில் வாசலோர மேசைக்கு அடியில் இருக்கிறது. அவள் சொன்னது பொய்யில்லை. அட்டை நல்ல அட்டைதான், மேசை ஆடுவதே இல்லை.