முதலில் விடும் மீன்

பொன்னையா கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்டியில் கடல் மீனைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்த ஆள் வேறு இல்லை. கடை முதலாளியான எனக்கே தெரியாது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மீன்தொட்டி விற்றவன். அந்தக் காலத்தில் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வேன். என்னைவிட நாலு வயது மூத்தவர் அவர்.

கடையின் பின்பக்கத் தொட்டிகளில் கடல் மீன் இருந்தது. திருகோணமலையிலிருந்து லொறியில் கடல் தண்ணீரும், பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கல்லும் வரும். புதிதாக நிரப்பிய தொட்டித் தண்ணீர் சில வாரங்களுக்கு நஞ்சு. அது தெளிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நீல மீனை விடுவோம். முருகைக்கல் இடுக்கில் வாழும், பெருவிரல் அளவு மீன். டாம்சல் என்போம். மலிவு, உயிரும் கெட்டி. அது பிழைத்தால் நல்ல விலை மீன்களை விடலாம். செத்தால் ஒன்றுதானே போயிற்று. தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அந்த மீனுக்குக் காவல் பொன்னையா. விட்ட கொஞ்ச நேரத்தில் அது ஒரு கல்லைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கையை விட்டால் விரலைக் கடிக்க வரும். “இத்துணூண்டு இருந்துக்கிட்டு எவ்வளவு ரோசம் பாருங்க மொதலாளி” என்பார். அதன் நிறம் வெளிறினால் மதியச் சோற்றுக்கும் போகமாட்டார். என்னைக் கேட்காமலே அள்ளிப் பழைய தொட்டியில் விட்டுவிடுவார். நான் வாயில் வந்தபடி ஏசுவேன்.

எண்பத்து மூன்றில், தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்த ஆடிக் கலவரம் கண்டிக்கும் வந்தது. தொட்டிக்குக் கண்ணாடி வெட்டித் தரும் முனாப், எங்கள் இருவரையும் வேனில் ஏற்றி அலவத்துகொடயில் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். என் கடை தப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. ஐந்தாம் நாள் பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போகவும் பயம்.

முனாப் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன்:

“பொன்னையா, நீ ஒருக்காப் போய்க் கடையைத் திறந்து பார். உனக்குச் சிங்களம் நல்லா வரும். ஒண்டும் நடக்கேல்லை எண்டால் நாளைக்கு நான் வாறன்.”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் அந்த மீனைத் தொட்டியில் விட்ட மனிதர். அவருக்கா விளக்கம் சொல்ல வேண்டும்?

“சரிங்க, போறேன்” என்றார்.

என் முகம் சுட்டது. திரும்பக் கூப்பிடவில்லை.

கடையைத் திறந்து அரை மணித்தியாலம்கூட இல்லை, இரும்புக் கம்பிகளோடு வந்துவிட்டார்கள். ஒரு தொட்டி மிஞ்சவில்லை. அவருடைய வலது கையை ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

“யாரு உங்களப் போகச் சொன்ன?” என்று முனாப் கட்டிலருகே நின்று கோபப்பட்டார்.

“நானாத்தான் போனேன். மீனெல்லாம் செத்துப்போகுமேன்னு. மொதலாளி வேணாம்னுதான் சொன்னாரு.”

பக்கத்தில் பொன்னையாவின் மனைவி பரிமளம். நான் யன்னல் ஓரம் நின்றேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரந்தோறும் பால்மாவும் அரிசியும் தூக்கிக்கொண்டு ஹந்தானை ஏறினேன். ஏறும்போதெல்லாம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அங்கே போய் மழையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். வெட்கம் கெட்ட பிழைப்பு.

அடுத்த வருடம் அவர்கள் இந்தியாவுக்குப் போகப் புறப்பட்டார்கள். கண்டி ஸ்டேசனில் பொன்னையா ரயில் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பரிமளம் இறங்கி என்னிடம் வந்தாள்.

“அன்னைக்கே எங்கிட்ட உள்ளதச் சொல்லிட்டாருங்க. நீங்க வர்ற ஒவ்வொரு வாட்டியும், இன்னைக்காவது மொதலாளி வாயத் தொறப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ரயில் புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒரு சொல் சொல்ல அது தாராளம். யன்னலருகே போனேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுதுங்கோ” என்றேன்.

அவர் வெறுமனே தொங்கிய சட்டைக் கையை ஒருமுறை பார்த்தார்.

“பரிமளத்த எழுதச் சொல்றேங்க” என்றார்.