முனிப்பாறையில் ஒற்றைச் சப்பாத்து

நான் கொழும்பில் மின்தூக்கி பராமரிக்கும் ஒரு கம்பனியில் தொழில்நுட்ப அலுவலர். மாலையில் வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய், அங்கே உள்ள ஏறு சுவரில் ஏறுவேன். இந்த இரண்டையும் அம்மாவிடம் ஒரே நாளில் சொல்லியிருக்கக் கூடாது.

"லிஃப்ட்டு ரிப்பேர் பண்றவ எதுக்குடி செவுத்துல ஏறுற? ஒங்க கம்பனி லிஃப்ட்டு மேல ஒனக்கே நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டார்.

ஏறு சுவர் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் ஒழுங்கு. பச்சைப் பிடிகள் ஒரு வழி, மஞ்சள் பிடிகள் இன்னொரு வழி. எந்த வழி எவ்வளவு கடினம் என்று அடியிலேயே எழுதி ஒட்டியிருக்கும். விழுந்தால் மெத்தை, வியர்த்தால் மின்விசிறி. மழை பெய்வதே தெரியாது. அங்கே நான் நன்றாகவே ஏறுவேன். ஆனால் அங்குள்ள எல்லோருக்கும் அதற்கு ஒரே விளக்கம்தான் இருந்தது: "நீங்க மலைநாட்டு ஆள்தானே."

மலைநாட்டு ஆள்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். ஆனால் பாறையில் ஏறியதே இல்லை. எங்களுக்குப் பாறை என்பது துணி காயப்போடும் இடம், அல்லது குளவி இருக்கும் இடம். இரண்டுக்கும் அப்பாற்பட்ட பாறையைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. இதை ஜிம்மில் நான் வெளியே சொல்லவில்லை. பெருமையைத் தானாக வந்து தருகிறார்கள், ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

அந்த மௌனத்தின் பலன் சென்ற வருடம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கப் போவதாகப் பயிற்சியாளர் அறிவித்தார். சொல்லிக்கொடுக்க ஒரு பெண் தேவை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று கேட்ட கணத்திலேயே தெரிந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் அந்தச் சுவரடியில் பெண்கள் பெரும்பாலும் தம்பியின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க ஏறுங்க" என்று ஒருத்தியிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பயிற்சியாளர் ஒரு நிபந்தனை போட்டார். மாத முடிவுக்குள் உண்மையான பாறையில் என் கையாலேயே கயிறு கட்டி, ஏறி, இறங்க வேண்டும். அதன் காணொளியை அவரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. "உங்களுக்கென்ன, வீட்டுக்குப் பின்னாலேயே பாறை இருக்கும்" என்று சிங்களத்தில் சிரித்தார்.

இருந்தது. வீட்டுக்குப் பின்னால், தேயிலைக்கு மேலே. முனிப்பாறை என்பார்கள்.

எனக்குக் கயிறு பிடிக்க என் தோழி வந்தாள். ஏறு சுவரில் பழக்கமானவள், யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் கணித ஆசிரியை. ரயில் ஹட்டனை நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கட ஊரில ஆக உயரமானது தண்ணித் தாங்கிதானடி. நீங்கள் என்னெண்டு இந்தச் சரிவில விழாமல் நடக்கிறனீங்கள்?"

"பழக்கம்தான்."

"அப்ப பாறை உனக்குச் சோறு சாப்பிடுற மாதிரி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி முன்பே வாங்கியிருந்தேன். ஞாயிறு காலை கிளம்பும்போது பொருட்களைச் சரிபார்த்தேன்: கயிறு, இடுப்புப் பட்டி, கொக்கிகள், தலைக்கவசம், கைக்கு வெள்ளைத்தூள், ஏறுவதற்கான சப்பாத்து. அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. குளவிக் கூடு இருக்கான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஜிம்மின் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த வரி இல்லை. கைபேசியில் பெரிதாக்கிப் பாறை முழுவதையும் பார்த்து, கூடு எதுவும் இல்லையென்று உறுதி செய்த பிறகே அம்மா என்னை வாசலைத் தாண்ட விட்டார். கூடவே தன் பழைய படங்கையும் கொடுத்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தடித்த சாக்குத் துணி அது. பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் போட அதைவிட நல்ல பொருள் கிடையாது. கேட்டது நான்தான் என்றாலும், "செவுத்துல ஏறுறவளுக்கும் கடைசியில படங்குதான் வேணும்" என்று அவர் சொல்வதைத் தடுக்க முடியவில்லை.

தேயிலைச் செடிகளினூடே சுற்றிப்போய்ப் பாறையின் உச்சியிலிருந்த பெரிய யூக்கலிப்டஸ் மரத்தில் கயிற்றைக் கட்டினேன். அது எனக்குத் தெரிந்த வேலை. எடையைத் தொங்கவிடுவதுதான் என் தொழிலே. இருமுறை கட்டி, இருமுறை சோதித்து, படங்கை விரித்து, இரு முனையையும் கீழே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். வந்தபோது பாறையடியில் லயத்தில் பாதிப்பேர் இருந்தார்கள்.

ஞாயிறு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லாத நாள். வேறென்ன செய்வார்கள்? சிலர் தேத்தண்ணீர்ப் போத்தலுடன் வந்திருந்தார்கள்.

பாறையின் அடியில் முனியாண்டி இருந்தார். சுண்ணாம்பு பூசிய கல், ஒரு சூலம், எலுமிச்சம்பழம். சற்றுத் தள்ளி, வந்தவர்கள் கழற்றி வைத்த செருப்புகள் வரிசையாக இருந்தன. நான் சப்பாத்தை மாட்டக் குனிந்தேன். பூசாரி மாமா தொண்டையைச் செருமினார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"என்னாம்மா அது?"

"ஏறுற சப்பாத்து மாமா."

"சாமிக்கிட்ட செருப்பு போடக் கூடாது."

"இது செருப்பு இல்ல மாமா. வெறும் ரப்பர். இதோட ரோட்டுல நடக்கவே முடியாது."

"ரோட்டுல நடக்க முடியாதத எதுக்கும்மா கால்ல போடுற?"

கூட்டம் சிரித்தது. நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். அம்மா என் பக்கம் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மாமாவைவிடக் கண்டிப்பாக நின்றார். "கழட்டுடி. நாளைக்கு லயத்துல ஒருத்தருக்குத் தலை வலிச்சாலும் ஒன் சப்பாத்தத்தான் சொல்லுவாங்க."

நான் பேச்சுவார்த்தையில் இறங்கினேன். சரி, சாமியின் எல்லை எதுவரை? அதைத் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாமா?

"சாமிக்கு எல்லை போட நான் என்ன சர்வேயரா?" என்றார் மாமா. ஆனாலும் பாறையை அண்ணாந்து பார்த்து யோசித்தார். இரண்டு ஆள் உயரத்தில் ஒரு படி இருந்தது, அதில் புல் முளைத்திருந்தது. "அந்தப் புல்லுக்கு மேல நீயாச்சு, ஒன் சப்பாத்தாச்சு."

தோழி என் முடிச்சைச் சோதித்தாள், நான் அவளுடையதைச் சோதித்தேன். சப்பாத்துகளை இடுப்பில் தொங்கவிட்டு வெறுங்காலுடன் தொடங்கினேன். அம்மாவின் கையில் என் கைபேசி, படம் பிடிக்க.

பாறை ஒரே நிறமாக இருந்தது. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் முகத்துக்கு நேரே அந்தச் சாம்பல் நிறம் வந்தபோது, பட்டன்கள் இல்லாத மின்தூக்கிக்குள் அடைபட்டதுபோல இருந்தது. எதைப் பிடிப்பது? எங்கே போவது? எந்தப் பிடி எனக்காக வைக்கப்பட்டது? எதுவும் எனக்காக வைக்கப்படவில்லை. பாறைக்கு நான் வரும் விஷயமே தெரியாது.

குறையைத் தீர்க்கக் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

"அந்தா, கையிக்குப் பக்கத்துல ஒரு கல்லு இருக்கு பாரு!"

"அது இல்லங்க, அது ஆடும். வலதுல போகச் சொல்லுங்க!"

"புள்ளைய யோசிக்க விடுங்கப்பா!"

"யோசிச்சா பொழுது போயிரும்டா!"

ஒருவழியாகப் புல் முளைத்த படிக்கு வந்தேன். பாதிப் பாதமே கொள்ளும் அந்தப் படியில், கன்னத்தைப் பாறையில் ஒட்டியபடி, வலது சப்பாத்தை மாட்டினேன். அந்தச் சப்பாத்து கால் விரல்கள் மடங்கும் அளவு இறுக்கம். ஜிம்மில் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுவோம்.

"என்னடி செய்யிறாய் அங்க?" தோழியின் குரல். "சப்பாத்துக் கடையே வைச்சிருக்கிறாய்?"

சிரித்திருக்கக் கூடாது. இடது சப்பாத்து கையிலிருந்து நழுவியது.

விழும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கீழே பார்க்கப் பயமாக இருந்தது. சாமியின் மேல் விழுந்திருந்தால் என் சனிக்கிழமை வகுப்பு மட்டுமல்ல, அம்மா அந்த லயத்தில் தலை நிமிர்ந்து நடப்பதும் அன்றோடு முடிந்தது. மெல்லக் குனிந்து பார்த்தேன். என் சப்பாத்து முனியாண்டியைத் தாண்டி, செருப்பு வரிசையில், இரண்டு ரப்பர் செருப்புகளுக்கு நடுவே போய் நின்றிருந்தது. யாரோ பக்தியோடு கழற்றி வைத்ததுபோல.

மாமா கிட்டே போய்ப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சரியான எடத்துலதான் கழட்டி வச்சிருக்கு" என்றார்.

நான் மேலிருந்து கத்தினேன்: "சின்னக் கயிறு ஒண்ணு விடுறேன் மாமா, கட்டி அனுப்புறீங்களா?"

"அது எப்படிம்மா? கழட்டி வச்சத கும்பிட்டு முடிச்சிட்டுத்தான் போடணும். போய்ட்டு வா, இங்கதான் இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஒத்தச் சப்பாத்த யாரு எடுக்கப் போறா?" என்று ஒரு அக்கா சொல்ல, கூட்டம் மறுபடி உயிர் பெற்றது.

மாட்டியதைக் கழற்றினால் அதுவும் விழும். ஆகவே ஒரு காலில் ஜிம்மும் மறு காலில் தோட்டமுமாக மேலே போனேன். வலது கால் சின்ன விளிம்புகளில் நின்றது. இடது கால் வெடிப்புகளுக்குள் விரலை நுழைத்தது, ஈரத்தை முன்கூட்டியே சொன்னது, வலித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவைபோல நடந்துகொண்டன.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை வெளியே புடைத்திருந்தது. அதில் பாசி, நீர்க்கசிவு. அங்கே நான் நின்று யோசிக்கும்போது மூடுபனி வந்தது. எங்கள் ஊர்ப் பனி சொல்லிவிட்டு வருவதில்லை. முதலில் தூரத்தில் பள்ளத்தாக்கிலிருந்த அணைக்கட்டு மறைந்தது, அப்புறம் லயம், அப்புறம் கூட்டம், கடைசியில் என் தோழி. கயிறு மட்டும் வெள்ளைக்குள் இறங்கிப் போயிற்று.

"தெரியலையே!" என்று அம்மா கத்தினார். "இருக்கியாடி?"

"இருக்கேன்!"

ஜிம்மில் வழி பிடிபடாவிட்டால் இறங்கிவிடுவேன், நாளைக்கும் அதே சுவர் அங்கேயே இருக்கும். இங்கே திங்கட்கிழமை எனக்கு வேலை, மாதமோ முடியப் போகிறது.

"நான் இப்ப ஏறப் போறேன். கயிறு இறுக்கமா இருக்கா?" என்று தோழியிடம் கத்தினேன்.

"இறுக்கமா இருக்கு. ஏறு."

ஏறினேன், வழுக்கினேன். கயிறு என்னைப் பிடித்தது. கீழிருந்து "மாதாவே!" என்ற அலறல், அதைத் தொடர்ந்து தோழியின் அமைதியான குரல்: "பிடிச்சிட்டன். அடிபட்டதே?"

"இல்ல. கொஞ்சம் பொறு. கையத் தொடச்சிக்கிறேன்."

"ஆறுதலா."

"திரும்ப ஏறப் போறேன். தயாரா?"

"தயார்."

இடது கால் விரல்களை வெடிப்பில் செருகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டில் வலது காலை நம்பி வைத்து எழுந்தேன். கைக்கு அம்மாவின் படங்கு தட்டுப்பட்டது.

"வந்துட்டேன்!"

"நம்ப முடியாது! கயித்த ஆட்டு பாப்போம்!" என்றது கூட்டம். ஆட்டினேன். கைதட்டினார்கள், ஒன்றையும் பார்க்காமலே. பிறகு தோழி என்னை மெல்லக் கீழே இறக்கினாள்.

காணொளியை அன்றிரவு போட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் பாறையும் நானும். சப்பாத்து விழும் இடத்தில் அம்மாவின் விரல். அதன்பின் வெள்ளை. முடியும்வரை சுத்தமான வெள்ளை, உள்ளே குரல்கள் மட்டும். நான் உச்சியைத் தொட்டதற்கு அதில் சாட்சியே இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளரிடம் கைபேசியை நீட்டினேன். விளக்கமும் தயாராக வைத்திருந்தேன்: காலநிலை, உயரம், மாத முடிவு. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, வெள்ளைத் திரையைக் காதருகே வைத்துக் கேட்கத் தொடங்கினார். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். கேட்டுவிட்டு ஓர் இடத்தைத் திரும்பப் போட்டார்.

"இங்கே விழுந்தீர்களா?"

"ஆமாம்."

"விழுந்த பிறகு கயிறு பிடித்தவரிடம் கேட்டீர்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தீர்கள். அப்புறம்தான் ஏறினீர்கள்."

"ஆமாம்."

"நீங்கள் ஏறுவதைத் தினமும் இங்கே பார்க்கிறேன். இதைத்தான் கேட்க வேண்டியிருந்தது." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "சனிக்கிழமை நேரத்துக்கு வந்துவிடுங்கள். அப்புறம், அந்தக் கத்துகிறவர் யார்?"

வெளியே வந்ததும் அம்மாவுக்குத்தான் அழைத்தேன். இடம் கிடைத்துவிட்டது, இனிச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்றேன்.

"அந்தப் புள்ளைங்களோட அம்மாமாருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கியாச்சு."

"அப்ப அவங்களையும் வரச் சொல்லு" என்றார். "கீழ நின்னு கத்த ஆளு வேணும்ல."