பொருந்தலையே சார்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருஷம், எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு இனிமே நீங்கதான் இங்கிலீஷ் எடுக்கணும்" என்றார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில்.

"எனக்கே அவ்வளவா வராதுங்களே."

"இந்த ஊர்ல யாருக்கு வருது? மாயவரத்துலேர்ந்து ஆள் கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் சமாளிங்க."

அதுவரை பிரெஞ்சை நம்பிப் படித்த பிள்ளைகள். இனி மெட்ராஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினால்தான் திருச்சியிலோ கும்பகோணத்திலோ காலேஜில் இடம். பத்து மாசம்தான் இருந்தது. பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு ஏழு பேரை உட்கார வைத்துத் தனியாக வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் அன்றே பெரிதாக ஒன்று சொன்னேன். "இங்கிலீஷ்ல பாதி வார்த்தை பிரெஞ்சுலேர்ந்து போனதுதான். பிரெஞ்சு தெரிஞ்சவனுக்கு இங்கிலீஷ் ஒரு விஷயமே இல்ல." பிள்ளைகளின் முகம் தெளிந்தது. பயம் போகட்டும் என்று சொன்னதுதான். ஆனால் நானும் அதை நம்பினேன்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பதினாறு வயது. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அவளுக்கு ரசாயனம் படிக்க ஆசை. கோடையில் கடல் தண்ணீர் அவர்கள் ஊர் வாய்க்காலில் எதுவரைக்கும் ஏறுகிறது என்று கரையோரமாக நடந்து, பத்தடிக்கு ஒருதரம் கையில் அள்ளி நக்கிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பனைமரத்தடியில் உப்பு நிற்கிறது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள். "ஒவ்வொரு வருஷமும் மேல ஏறுது சார். ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அன்றைக்குச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்திலாவது நேர்மையாக இருந்தேன்.

திருச்சியிலிருந்த ஒரு பெண்கள் காலேஜுக்கு நானே கடிதம் எழுதி விண்ணப்பத் தாள் வரவழைத்தேன். அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். பழைய பழக்கத்தில் என்னை முசே என்றுதான் கூப்பிட்டார். பிரெஞ்சுக் காலத்தில் வாத்தியாருக்கு அதுதான் மரியாதை.

"முசே, உங்களுக்காக ஒத்துக்கறேன். பாஸ் பண்ணினா திருச்சிக்கு அனுப்பறேன். இல்லன்னா ஆவணியில கல்யாணம். பூவத்துல ஒரு இடம் கேக்கறாங்க."

"கணக்குல அவளை மிஞ்ச ஆள் கிடையாதுங்க. நிச்சயமா பாஸ் பண்ணிடுவா."

கதவுக்குப் பின்னால் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை அன்றே பென்சிலில் நிரப்பி வைத்துவிட்டாள். ரிசல்ட் வந்ததும் மேலே மசியால் எழுதிக்கொள்ளலாம் என்றாள்.

மாசி மாதம் கட்டுரை எழுதப் பழக்கினேன். நானே இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்ததைப் பற்றி. திருவிழா, பொருட்காட்சி, பிரயாணம் என்று எதைக் கேட்டாலும் அதையே மாற்றி எழுதிக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் போனேன் என்பதற்கு 'அசிஸ்ட்' என்று போட்டிருந்தேன். இப்போது என்பதற்கு 'ஆக்சுவலி'. புத்தகக் கடை என்பதற்கு 'லைப்ரரி'. பிரெஞ்சில் அவற்றுக்கு அந்த அர்த்தம்தான்.

மறுநாள் மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், இந்தப் பாடத்துலயும் ஆக்சுவலி வருது. இங்க 'இப்போ'ன்னு வச்சுப் படிச்சா பொருந்தலையே சார்."

படித்துப் பார்த்தேன். பொருந்தத்தான் இல்லை. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று குரலை உயர்த்தினேன்.

"பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. இப்ப வந்து என்னையே பரீட்சை பண்றியா? எழுதிக் கொடுத்ததை அப்படியே படி."

"சரிங்க சார்" என்று புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்த பத்திரிகை நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்தது. ஏழு பேரில் நாலு பேர் எண் இருந்தது. அவள் எண் இல்லை. நாலைந்து தரம் பார்த்தேன். வரிசையில் அவளுக்கு முந்தின எண் இருந்தது, பிந்தின எண் இருந்தது. அந்த இரண்டு எண்களையும் இன்றைக்கும் என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும்.

மார்க் வந்தபோது அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கணக்கில் தொண்ணூற்றாறு. விஞ்ஞானத்தில் எண்பத்தெட்டு. இங்கிலீஷில் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும்.

"செப்டம்பர்ல திரும்ப எழுதலாம். இங்கிலீஷ் மட்டும்தானே. அப்பாகிட்ட நான் பேசறேன்."

"அப்பா வேணாம்னு சொல்லல சார். நான்தான் வேணாம்னேன். எனக்கு இங்கிலீஷ் வராது போல. நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் மாயவரத்து ஆசிரியர் வந்து சேர்ந்தார். சாது மனிதர். முதல் வாரமே என் பழைய மாணவன் ஒருவனின் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. இந்த வார்த்தைக்கெல்லாம் இங்கிலீஷ்ல வேற அர்த்தம். ஆக்சுவலின்னா உண்மையில, அசிஸ்ட்னா உதவி பண்றது, லைப்ரரின்னா நூலகம்" என்று கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கோட்டுச்சேரிக்கு பஸ் இருந்தது. போய், "உனக்கு வராமல் இல்லை, நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன்" என்று சொன்னால் போதும். ஒவ்வொரு நாளும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். பஸ் வரும், ஆட்கள் ஏறுவார்கள், நான் திரும்பிவிடுவேன். ஊரில் என்ன பேசுவார்கள், வேலை நிலைக்குமா என்று ஏதேதோ யோசனை. ஒன்பது நாளும் அப்படியே போயிற்று.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள். போனேன், சாப்பிட்டேன். மணவறைக்குப் பக்கத்தில் போனதும் அவள் தன் கணவரிடம், "எங்க சார்" என்றாள்.

அதன் பிறகு வகுப்பில் யாராவது சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினால் எனக்கு முதலில் அவள் குரல்தான் கேட்கும். பிறகுதான் எதிரே இருக்கும் பிள்ளையின் குரல். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது, மூன்றாவது பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் நிற்பது போல இருக்கும். பயத்தில் ராப்பகலாக இங்கிலீஷ் படித்தேன். அகராதி பார்க்காமல் ஒரு வார்த்தையையும் சொல்லிக் கொடுப்பதில்லை. நல்ல வாத்தியார் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கூசும்.

மூன்று வருஷம் கழித்துத் தாங்க முடியாமல் அவள் வாழப்போன பூவத்துக்குப் போனேன். நடவு சமயம். கொல்லையில் ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. "வாங்க சார், உக்காருங்க" என்றாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றதையும் சொன்னேன்.

குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல சார்?"

"கேட்டே."

"எனக்கு வராதுன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். மூணு வருஷமா அதை வச்சுத்தான் நிம்மதியா இருக்கேன். இப்ப வந்து சொல்றீங்களே, இதை நான் என்ன செய்யட்டும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். இன்னொரு தரம் எழுதலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் பிறகு பரீட்சை எழுதவில்லை என்று அவளுடைய அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். "நல்லா இருக்கா முசே, ரெண்டாவது பொண்ணு பொறந்திருக்கு" என்றார்.

நான் கொடுத்த அதே கட்டுரையை எழுதியதாகச் சொன்ன இரண்டு பேர் பாஸ் ஆனார்கள். அப்படியென்றால் அவளுடைய மார்க் வேறு எதிலாவது போயிருக்குமோ என்று சில நாள் தோன்றும். அப்படி நினைத்துவிட்டால் நிம்மதி. ஆனால் அவள் எழுதிய விடைத்தாளை நான் பார்த்ததில்லை. எந்த ஊரிலோ யாரோ திருத்தினார்கள், பிறகு பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். அதில் அவள் என்ன எழுதினாள், நான் சொன்னதையா, இல்லை தனக்குச் சரியென்று பட்டதையா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். பூவத்தில் அவள் எதிரே நின்றபோது அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.