என் புருஷன் உடைத்த கியர் சைக்கிள்

என் புருஷன் என்னை அடித்ததைவிட என் சைக்கிளை அடித்ததுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. உடம்பு வீங்கும், பிறகு வற்றிவிடும். சைக்கிள் அப்படியா?

எண்பதுகளின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. பெண்களை வரிசையாக உட்காரவைத்து உதிரிபாகம் பூட்டவிடுவார்கள். அதைத்தான் லைன் என்போம். வேலை நிரந்தரமாகிற நேரம். இனி ஒரு நாள் லேட்டானாலும் பெயரை அடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. நாங்கள் குடியிருந்த பக்கம் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. மாற்றலாகிப் போன ஒருவர் விட்டுச்சென்ற பழைய கியர் சைக்கிள்தான் எனக்குக் கதி.

என் புருஷனுக்கு வேலை போயிருந்தது. லேத்து ஓட்டுவதில் மகா கெட்டிக்காரர். பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். பெண்டாட்டி டிபன் பாக்ஸோடு கிளம்புவதை வாசலில் உட்கார்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. பாவம்தான். பாவம் பாவம் என்று நினைத்தே நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து சைக்கிளை நிறுத்தியதும் அவர் சுத்தியலோடு வந்தார். குறுக்கே போனேன், முழங்கையில் ஒன்று விழுந்தது. பின்சக்கரத்துக் கியர் பற்கள் தெறித்தன. பெடல் மாட்டுகிற கிராங்க் இரண்டும் வளைந்து போயின. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா "பேடப்பா, பேடா" என்று, வேண்டாமென்று தன் பாஷையில் கதறினார்.

"திங்கக்கெழம எப்படிப் போறன்னு பாக்கறன்டி," என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்காரர் கையே வைக்கவில்லை. "ஒன் வூட்டுக்காரரு வந்து தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. என்னாத்துக்கும்மா எனக்குப் பொல்லாப்பு?" என்றார். வந்த ஆத்திரத்தில் அவர் கடைப் பலகையை ஓர் உதை விட்டேன். அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

என் தாய்வீடு குருபரப்பள்ளி. அங்கே ரோட்டோரத்தில் ஒரு பாய் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீங்கிய முழங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குவியலைக் கிளறினார். சீமைச் சைக்கிள் ஒன்றின் கிராங்க் ஜோடி அச்சோடு கிடைத்தது. மேலெல்லாம் துரு, தூக்கினால் கனம்.

"வெள்ளக்காரன் காலத்து இரும்பும்மா, ஒடையாது. ஆனா கியருக்கு ஆவாது. பின்னாடி ஒத்தப் பல்சக்கரம்தான் போடணும்."

"அது போதும் பாய். நான் என்னா மலையா ஏறப்போறன்?"

"நான் வேணா வந்து அவருகிட்டப் பேசட்டா?"

"ஐயோ, வேணாம். நீங்க பேசிட்டுப் போயிருவீங்க. அப்பால எனக்குத்தான் விழும்."

கிராங்கையும் ஒற்றைப் பல்சக்கரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஓசூர் திரும்பி, எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து பூட்டினேன். பாதி பூட்டுவதற்குள் கைத்தோல் உரிந்தது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் என்கிற சின்ன ஆணி, பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் தட்டி இறக்கி, நட்டு முடுக்கி, ஏறி மிதித்தேன். கண்றாவி! ஒரு பெடல் மேலே, இன்னொன்று கோணல். நொண்டி நொண்டிப் போனது. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

என் புருஷன் நிலைப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அறிவு கெட்டவளே, ரெண்டையும் மேலருந்தேவாடி அடிப்ப?"

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் லைனில் எல்லாப் பின் ஆணியும் மேலேயிருந்துதான் இறங்கும்; நாள் முழுக்க அதே வேலை. கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது. காட்டருக்கு அது ஆகாது. ஒன்று மேலிருந்து இறங்கினால் மற்றது கீழிருந்து ஏற வேண்டும்.

சுத்தியலைப் பிடுங்கினார். நான் தலையைப் பொத்திக்கொண்டேன். அடி விழவில்லை. அவர் குந்தி, கீழே ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, ஒரே தட்டில் ஆணியைக் கழற்றினார். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபக்கமாக ஏற்றி, பெடலைச் சுற்றிவிட்டார். ஊசிபோல நேராக நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி! என் வாய் சும்மா இருக்குமா? "கை இன்னும் மறக்கல," என்று சிரித்துவிட்டேன்.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. "என்னாடி இளிக்கற?" காது நெடுநேரம் கொய்யென்றது.

திங்கட்கிழமை விடியுமுன் சைக்கிளை வெளியே உருட்டினேன். அவர் முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போவமாட்ட."

"வுடுங்க, நேரமாவுது."

இன்னொரு கையால் என் முடியைச் சுருட்டிப் பிடித்தார். இழுத்த இழுப்பில் கழுத்து திருகியது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன, ஒருத்தரும் வரவில்லை. தூரத்தில் கம்பெனியின் முதல் சங்கு ஊதியது, ஷிப்டுக்கு இன்னும் அரைமணிதான். கெஞ்சியதெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அந்த மணிக்கட்டைக் கடித்தேன். பல்லில் எலும்பு தட்டுகிறவரை விடவில்லை. அவர் அலறி முடியை விட்டார். அடிவயிற்றில் ஓர் உதை விழுந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

ஏறி மிதித்தேன். பின்னால் செருப்பு பறந்து வந்து முதுகில் பட்டது. திரும்பவில்லை. அழுதுகொண்டேதான் மிதித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்?

சரியான நேரத்துக்குக் கார்டு பஞ்ச் ஆனது. சூப்பர்வைசர் கேட்டருகில்தான் நின்றிருந்தார்.

"என்னம்மா இது, வாயெல்லாம் ரத்தம்? விழுந்துட்டியா?"

முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"என்னுது இல்ல சார்," என்று சொல்லிவிட்டு லைனில் போய் உட்கார்ந்தேன்.