கரும்பலகையில் வந்த வீட்டுக்காரர்

என் தங்கை மகளுக்கு அவளிடம் படிக்கிறவர்கள் வைத்த பெயர் 'ரெண்டுல ஒண்ணு டீச்சர்'. மெத்தைக் கடைக்கு மேலே, பஞ்சுத் தூசி ஏறிவந்து தும்மவைக்கிற அறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். 'ஒன்று இது, இல்லாவிட்டால் அது', 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று ஜோடி போட்டு வரும் சொற்கள் அந்த மொழியில் உண்டாம். எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுவார்களாம்.

"ஜோடின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூ போட்டு நடப்பீங்களா?" என்பாள்.

புத்தகத்து உதாரணம் மண்டையில் ஏறாது என்று வீட்டிலிருந்தே எடுத்துப் போடுவாள். 'என் மாமியார் காபியும் குடிப்பார், குறையும் சொல்வார்.' வகுப்பு சிரிக்கும். பாடம் ஒட்டிக்கொள்ளும்.

அவள் புருஷன் லேத் பட்டறைத் தொழிலாளி. முதலாளி பட்டறையை மூடிவிட்டதை அவளிடம் மட்டும் சொன்னான். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தம்பி வீட்டுக்குத் தெரியவே கூடாது. அப்புறம் நான் தலை நிமிர முடியாது." காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடந்துவிட்டு, நகக்கண்ணில் எண்ணெய்க் கறைகூட இல்லாமல் திரும்புவான். அந்தச் சுத்தமான கையைப் பார்க்காத மாதிரி இவள் டப்பாவை வாங்கிக் கழுவி வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, வகுப்பில் வந்து சேர்ந்தாள். "நானும் நாலு வார்த்தை கத்துக்கறேனேக்கா." வந்தவள் ஒன்றும் விளங்காமல் கடைசி வரிசையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதையே இவள் மறந்துபோனாள்.

ஒருநாள் களைப்பா, மனக்குடைச்சலா, தெரியவில்லை. யாரோ உதாரணம் கேட்க, கை தானாகக் கரும்பலகையில் எழுதிவிட்டது: 'அவர் வேலைக்கும் போவதில்லை, வீட்டிலும் இருப்பதில்லை.' எழுதிய பிறகுதான் கடைசி வரிசை கண்ணில் பட்டது. அவசரமாக அழித்தாள். அழித்ததுதான் வினையாகப் போயிற்று; ஜன்னலைப் பார்த்திருந்தவள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எனக்குப் பாடம் புரிஞ்சதே அன்னைக்குத்தான் அத்தை," என்று ஓரகத்தி மாமியார் காதில் போட்டாளாம்.

மாமியார் சாப்பாட்டு நேரம் பார்த்து ஆரம்பித்தாள். "நீ வேலைக்கே போறதில்லைன்னா, டப்பா மட்டும் தினமும் எங்கடா வேலைக்குப் போகுது?"

அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிட்டான். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"என்னை போர்டுல எழுதி ஊரைச் சிரிக்க வச்சுட்டே. ஒண்ணு, அந்த வேலையை விடு. இல்ல, என்னை விடு."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எழுதினது தப்பு. யார் கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா வேலையை விட்டா நாளைக்கு அடுப்பு எரியாது. உங்களை விட்டா நான் இருக்க மாட்டேன். இதுல எதைங்க விடச் சொல்றீங்க?"

அவன் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். அவள் மறுநாளும் வகுப்புக்குப் போனாள்.

அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. பதிலாக, தினமும் சாயங்காலம் மெத்தைக் கடைப் படியேறி வர ஆரம்பித்தான். "பொண்டாட்டியைத் துணைக்கு நின்னு கூட்டிட்டுப் போறாரு பாரு," என்று கடைக்காரர் மெச்சுகிறார். அவன் வகுப்பு முடியும் முன்பே வந்து, வாசலில் நின்று, கரும்பலகையை மேலிருந்து கீழே படிக்கிறான் என்பது அவளுக்குத்தான் தெரியும். பலகையில் இப்போது மனிதர்களே கிடையாது. பூனை பாலும் குடிக்கும், மீனும் தின்னும். நாய் குரைக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. சொல்லிக்கொடுத்தது மறுநாளே யாருக்கும் நினைவில்லை.

போன வாரம் படி இறங்கும்போது அவனாகவே வாய் திறந்தான். பல நாளைக்குப் பிறகு.

"ஏன், இப்பல்லாம் பூனை, நாய்தானா?"

"பூனைக்கு ஓரகத்தி கிடையாது," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்க வேண்டும் என்று அவளும் அதைச் சொல்லவில்லை. தெரு முனை வரை அவள் பையை அவன்தான் தூக்கி வந்தான். அவள் கண் அந்தக் கையில்தான் இருந்தது. நகக்கண் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.